இடது பக்கம் ஓடிய ரைட் பேக்

கோவில்பட்டி மைதானத்தில் அன்று சாயங்காலம் பேச்சிமுத்து எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். நான் பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்து கால் பேடின் வார்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“ரைட் பேக்குக்கு லெஃப்ட்ல என்னல ஜோலி? அங்கன ஒன் மாமியா வீடா இருக்கு?” என்று கத்தினார் எங்கள் டீம் மேனேஜர் சங்கரலிங்கம். ஆடி மாதக் காற்று அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மைதானத்தின் வலது மூலையைக் காட்டினார். “இம்புட்டு இடத்தையும் காலியாப் போட்டுட்டு எங்கல போன?”

பேச்சிமுத்து ஸ்டிக்கைத் தரையில் ஊன்றியபடி, பிடியில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பிரித்து மறுபடி சுற்றினான்.

“சென்னை முகாமுக்கு ஒன் பேரை எழுதி வச்சிருந்தேன். இனி எழுத மாட்டேன். போ.”

அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது. எனக்கு அது பாதி தெரியும். வாரெல்லாம் கழற்றி முடித்த பிறகும் கழற்றுவதுபோலவே குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

நிற்கிற வேலை

தூத்துக்குடியில் ஒரு நூல் மில்லில் ஹாக்கி ஆடுவதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். “கோல்கீப்பர் என்றால் சும்மா நிற்கிற வேலைதானே, அதற்கா சம்பளம்?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் அம்மாவும் இதையேதான் கேட்டாள்.

எழுபதுகளில் மில்களிலும் ரயில்வேயிலும் ஆட்டக்காரர்களுக்கு என்று சில இடங்கள் உண்டு. காலையில் பாதி ஷிப்டு வேலை. மத்தியானத்துக்கு மேல் மைதானம். நான் குடோனில் பஞ்சுப் பொதிகளுக்கு நம்பர் எழுதினேன். பேச்சிமுத்து ஸ்பின்னிங்கில் இருந்தான். முதல் இரண்டு வருஷம் தற்காலிகம். டீம் நன்றாக ஆடினால், நாமும் நன்றாக ஆடினால், மேனேஜர் எழுதிக் கொடுத்தால், பெர்மனென்ட்.

நான் கோல்கீப்பர் ஆனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் எப்போதும் பிந்தித்தான் மைதானத்துக்குப் போவேன். கரைக்குப் போய் அப்பாவின் வள்ளம் வந்துவிட்டதா என்று பார்த்து, கயிறு சுருட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். போய்ச் சேரும்போது மற்ற பத்து இடமும் நிரம்பியிருக்கும். கோல் மட்டும் காலியாக இருக்கும். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். பந்து வலிக்கும்.

ஹாக்கிப் பந்தைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே கார்க்கு, மேலே தோல், வெள்ளை வர்ணம். எடை கல்லுக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது கோல்கீப்பர்கள் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி கவசம் போட்டுக்கொண்டு நிற்பதை டி.வி.யில் பார்க்கிறேன். எங்களுக்கு இரண்டு கால் பேடு, பூட்ஸுக்கு மேலே மாட்டுகிற கிக்கர்ஸ், ஒரு ஜோடிக் கையுறை, அவ்வளவுதான். முகம் திறந்தே இருக்கும். முகத்தைக் காப்பாற்ற வேண்டியது கண்.

புதுக்கோட்டையில் நடந்த ஒரு ஆட்டத்தில்தான் சங்கரலிங்கம் என்னைப் பார்த்தார். திருநெல்வேலி ரோட்டில் இருக்கிறதே, அந்தப் புதுக்கோட்டை. அன்று எங்கள் டீம் ஐந்து கோலில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் வந்து, “பதினஞ்சு விழுந்திருக்கணும். பத்தை நிறுத்திட்ட. மில்லுக்கு வாரியா?” என்று கேட்டார். எனக்கு வேலை கிடைத்த கதை அதுதான்.

பேச்சிமுத்து

ஏரல் பக்கம் ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரன் பேச்சிமுத்து. வீட்டில் வயல் உண்டு. நெல்லை விட்டுவிட்டு உப்புக்காற்றில் வந்து ஹாக்கி ஆடுகிறானே என்று அவன் அப்பாவுக்குக் கோபம். கறுத்து, உயரமாக, தோள் கொஞ்சம் முன்னால் வளைந்து இருப்பான். பேரில் மட்டும்தான் பேச்சு உண்டு என்று மில்லில் கேலி செய்வார்கள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

ஆனால் ஆட்டம்! அந்தக் காலத்து டீமில் கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். வலது பக்கம் ரைட் பேக், இடது பக்கம் லெஃப்ட் பேக். பேச்சிமுத்து ரைட் பேக். எதிராளி ஸ்டிக்கை ஓங்கும்போதே பந்து எங்கே போகும் என்று இவனுக்குத் தெரிந்துவிடும். ஓடி வியர்த்துப் பிடிக்கிற ஆட்டம் இல்லை. பந்து வருகிற இடத்தில் முன்னாலேயே போய் நிற்பான். “இந்த ஜில்லாவிலிருந்து மாநில டீமுக்கு ஒருத்தன் போவான்னா அது இவன்தான்” என்று சங்கரலிங்கம் வெளிப்படையாகவே சொல்லுவார்.

கண்ணில் பட்டது

நான் மில்லில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். கோடை வெயிலில் மைதானம் காய்ந்து இறுகியிருந்தது. ஒரு சாதாரண லீக் ஆட்டம். எதிர் டீம்காரன் அடித்த பந்தைக் காலால் தடுத்தேன். பேடின் ஓரத்தில் இருந்த பக்கிளில் பட்டு அது நேராக மேலே எகிறியது. இடது கண்ணில் விழுந்தது.

யார் மேலும் குற்றம் இல்லை. பந்து அடித்தவன் ஓடிவந்து அழுதான்.

ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்துக் கட்டினார்கள். கண் முழுக்க இரத்தம் கட்டி, பத்துப் பதினைந்து நாளில் கரைந்தது. கட்டு அவிழ்த்தபோது எல்லாம் தெரிந்தது. நான்காவது வாரம் மைதானத்துக்குத் திரும்பிவிட்டேன். மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வா என்று இங்கே டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். போகவில்லை. போனால் ஆடாதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

பிறகு மூக்கோரமாக ஒரு நிழல் வந்தது. ஜன்னலில் பாதித் திரையை இழுத்துவிட்ட மாதிரி. முதலில் தூசி என்று நினைத்துக் கசக்கினேன். வாரம் போகப்போகத் திரை நகர்ந்தது. மூன்று மாதத்தில் இடது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் மிச்சம். வலி கொஞ்சமும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கண் நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்கு வசதி.

நிறைய பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹாக்கி ஸ்டிக்கில் ஒரு பக்கம்தான் தட்டை. அதனால் பெரும்பாலான டீம்களுக்கு வலது பக்கமாக ஓடி வந்து அடிப்பதுதான் வேகம். எதிராளியின் வலது பக்கம் என்றால் கோல்கீப்பருக்கு இடது பக்கம். எனக்குக் கண் போன பக்கம்.

அப்பாவின் காது

வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அப்பா.

அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது கடைசியாக நடந்த முத்துக்குளிப்பிலும் போனவர். அந்த நாற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கரையில் சிப்பியைக் குவித்து அழுக விடுவார்கள். ஊரே வாயால் மூச்சு விடும். அதில் ஒரு சிப்பியை அப்பா எனக்கென்று எடுத்துவந்து கொடுத்தார். திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. “அதுக்குள்ள இருந்தாத்தான் அதிசயம்” என்றார்.

எட்டுப் பத்து ஆள் ஆழத்துக்கு மூச்சடக்கிப் போகிறவர்களுக்குக் காது நிற்காது. அப்பாவுக்கு வலது காது எப்போதோ உடைந்துவிட்டது. சீசன் தொடக்கத்தில் கரையில் குளிகாரர்களைச் சோதித்துப் பார்க்கும்போது, எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லித் தப்பித்துவிடுவார். பல வருஷம் யாருக்கும் தெரியாது. வீட்டில் சாப்பிட உட்காரும்போது சுவரோரமாக, வலது காது சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி உட்காருவார். அது அவருடைய இடம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டில் அம்மா மீன் குழம்புச் சட்டியை எனக்கு இடது பக்கம் வைத்தாள். நான் தலையை முழுக்கத் திருப்பிச் சட்டியைத் தேடினேன்.

“என்னல, கோழி மாதிரி தலையத் திருப்புத?” என்றார் அப்பா.

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

“எந்தக் கண்ணு?”

“இடது.”

அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்து மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அப்பா சாப்பாட்டை நிறுத்தவில்லை. “பெர்மனென்ட் ஆவுத வரைக்கும் வாயத் தொறக்காத. ஆனதுக்கு அப்புறம் எவன் என்ன செய்வான்?” என்றார். பிறகு, “சங்கு எடுக்க ஒத்தக் கண்ணு போதும். அதையும் யோசிச்சுக்கோ” என்றார்.

முதல் யோசனையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

எட்டு மாதம்

ஒற்றைக் கண்ணோடு எப்படி ஆடினாய் என்று கேட்பீர்கள். கொஞ்சம் தந்திரம், நிறைய அதிர்ஷ்டம்.

வழக்கமாக நிற்கிற இடத்தைவிட அரை அடி இடது கம்பத்துப் பக்கம் தள்ளி நின்றேன். முகவாய்க்கட்டையை இடது தோள் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டேன். பந்து தூரத்தில் இருக்கும்போது கையால் கம்பத்தைத் தொட்டுப் பார்த்து இடத்தைச் சரிசெய்துகொள்வேன். ஸ்டிக்கில் பந்து படுகிற சத்தம் வைத்து எவ்வளவு வேகம் என்று ஊகிக்கப் பழகினேன். முழுசாகப் பட்டால் ‘டக்’ என்று வெடிக்கும். விளிம்பில் பட்டால் மொட்டையாக ஒரு சத்தம். அது மெதுவாக வரும்.

இதெல்லாம் போதாது என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த சீசனில் எங்கள் டீமுக்குக் கோல் அதிகம் விழவில்லை. பேப்பரில்கூட ஒரு வரி வந்தது. என்னை ‘சுவர்’ என்று எழுதியிருந்தார்கள். அம்மா அதை வெட்டி வைத்தாள். டாக்டர் கொடுத்த சீட்டு இருந்த அதே செபப் புத்தகத்தில்.

அந்த நாட்களில்தான் பேச்சிமுத்து இடது பக்கம் வர ஆரம்பித்தான்.

எதிர் டீமின் ரைட் அவுட், அதாவது வலது ஓரமாக ஓடிவந்து தாக்குகிறவன், பந்தோடு கிளம்பினால் போதும், எங்கள் லெஃப்ட் பேக் இருக்கும்போதே இவனும் குறுக்கே ஓடி எனக்கு இடது முன்னால் வந்து நிற்பான். லெஃப்ட் பேக்குக்கு எரிச்சல். “என் இடத்துல வந்து எதுக்குடே இடிக்க?” என்று ஆட்டத்துக்கு நடுவிலேயே சண்டை போட்டான். பேச்சிமுத்து தலையை ஆட்டிவிட்டு அடுத்த தடவையும் அதையே செய்தான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் வருகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்தேன் என்றே நினைக்கிறேன். கோல்கீப்பர் பின்னாலிருந்து கத்தி, பேக்குகளை இடத்தில் நிறுத்த வேண்டும். “ரைட்டுக்குப் போ” என்று ஒரு தடவைகூட நான் அவனைப் பார்த்துக் கத்தவில்லை.

கோவில்பட்டி ஆட்டம்

மாநில டீமுக்கு ஆள் எடுக்க சென்னையில் ஒரு முகாம். அதற்கு ஜில்லாவிலிருந்து மூன்று பேரை அனுப்ப வேண்டும். கோவில்பட்டி ஆட்டத்தைப் பார்த்துப் பெயர்ப் பட்டியல் முடிவு செய்வதாக ஏற்பாடு; எழுதி அனுப்புகிற பொறுப்பு சங்கரலிங்கத்துக்கு. தேர்வுக்காரர்கள் நான்கு பேர் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கரிசல் காட்டுக் காற்று அன்று பேயாக அடித்தது. மைதானத்துக் கொடிகள் கிழிகிற மாதிரி படபடத்தன. ஸ்டிக்கில் பந்து படும் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. கண்ணும் பாதி, காதும் போயிற்று. முதல் பத்து நிமிஷத்தில் இரண்டு பந்து இடது பக்கம் என்னைத் தாண்டிப் போய்க் கம்பத்துக்கு வெளியே விழுந்தது. இரண்டையும் நான் பார்க்கவில்லை.

பேச்சிமுத்து திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு இடது பக்கத்தை விட்டு அவன் நகரவே இல்லை.

இரண்டாவது பாதியில் எதிர் டீம்காரர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரைட் அவுட் பந்தை என் இடது பக்கம் கொண்டுவருகிற மாதிரி காட்டி, ஒரே அடியில் வலது பக்கம் தள்ளினான். பேச்சிமுத்து விட்டுவிட்டு வந்த வெட்ட வெளி. அங்கே ஒருத்தன் தனியாக நின்று, நிதானமாகப் பந்தை நிறுத்தி, அடித்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கம் அது. பந்தின் தையல்கூடத் தெரிந்தது. ஆனால் ஆளில்லாத இடத்திலிருந்து அவ்வளவு கிட்டத்தில் அடித்தால் இரண்டு கண் உள்ளவனாலும் பிடிக்க முடியாது. கோல் பலகையில் பந்து மோதிய சத்தம் மட்டும் அந்தக் காற்றிலும் கேட்டது.

ஒரு கோலில் தோற்றோம். பந்தலுக்குக் கீழே ஒருவர் குறிப்பு நோட்டில் எதையோ அடித்தார். பிறகு நடந்ததுதான் நான் தொடக்கத்தில் சொன்ன திட்டு.

பஸ்ஸில்

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானும் அவனும் கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில். அவன் எப்போதும்போல எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தான். பஸ் எட்டயபுரம் தாண்டியது. வெயில் இறங்கி, வெளியே பருத்திக் காடு மஞ்சளாகக் கிடந்தது.

“ஏன்டே இடது பக்கமே வந்த?” என்று கேட்டேன். எட்டு மாதம் கேட்காத கேள்வி.

“ஒனக்கு அந்தப் பக்கம் தெரியலல்லா” என்றான்.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“யாரு சொன்னா?”

“கேன்டீன்ல டீ கிளாஸத் தட்டிவிட்டேல்லா. ரெண்டு தடவ. ரெண்டும் இடது கைப் பக்கம் இருந்த கிளாஸு.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான். “அதுலேருந்து நான்தான் கிளாஸ எடுத்து ஒன் வலது கைப் பக்கம் வைக்கேன். நீ கவனிக்கலயோ?”

நான் கவனிக்கவில்லை.

“மேனேஜர்ட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா ஒன்ன நிறுத்திருவாங்க.”

“இப்ப ஒனக்கு முகாம் போச்சே, லே.”

அவன் சீட்டில் சாய்ந்தான். தூத்துக்குடி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். தூங்கவில்லை என்று தெரியும். கண்ணிமை அசைந்துகொண்டே இருந்தது.

இரண்டு நாள்

அடுத்த நாளே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

ஆட்டம் நடந்தது சனிக்கிழமை. பெயர்ப் பட்டியல் திங்கட்கிழமை தபாலில் போக வேண்டும். என்னுடைய பெர்மனென்ட் ஆர்டர் அந்த மாதக் கடைசியில் வர வேண்டும். இன்னும் இருபது நாள்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கடற்கரையில் சிலுவை நட்ட குருசடிக்கு அருகில் உட்கார்ந்து, எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பெர்மனென்ட் ஆகிவிட்டது. வயலும் இருக்கிறது. அடுத்த வருஷமும் முகாம் வரும். எனக்கு என்ன இருக்கிறது?

இதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு நியாயத்தையும் முடிக்கும்போது, அவன் ஸ்டிக்கின் துணியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றியதுதான் கண்ணில் நின்றது. முகாமுக்குப் போக வேண்டும் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒரு மாதமாகக் காலையில் ஷிப்டுக்கு முன்னால் தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தவன் நான்.

திங்கட்கிழமை காலை குடோனில் பொதிகளுக்கு நம்பர் எழுதும்போது ஒரே நம்பரை இரண்டு பொதிக்கு எழுதினேன். மை டப்பாவை மூடி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸில்

சங்கரலிங்கம் பட்டியலைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, “என்னடே?” என்றார்.

“சார், அன்னைக்கு பேச்சிமுத்து மேல தப்பில்ல.”

“நீ என்ன அவனுக்கு வக்கீலா?”

“எனக்கு இடது கண்ணு தெரியாது சார். அதுக்காவத்தான் அவன் அந்தப் பக்கமே வந்தான்.”

அவர் பேனாவை மூடினார். எழுந்து மேசையைச் சுற்றி வந்தார்.

“வலது கண்ணப் பொத்து.”

பொத்தினேன். அறை போய்விட்டது. ஜன்னல் இருந்த பக்கம் மட்டும் சாம்பலாக ஒரு வெளிச்சம்.

“என் கைல என்ன இருக்கு?”

“தெரியல சார்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“தெரியல சார்.”

கையை எடுத்துப் பார்த்தேன். என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் ஹாக்கிப் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“எம்புட்டு நாளா?”

“எட்டு மாசமா.”

“எட்டு மாசமா ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டுப் பெனால்டி கார்னருக்கு நின்னியால? நெத்திப் பொட்டுல பட்டுச் செத்துப் போயிருந்தா ஒங்க அம்மாட்ட நான் என்னல சொல்லுவேன்?” சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தார். அவரைப் போகச் சொல்லிவிட்டு, சங்கரலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு பட்டியலை இழுத்து, மூன்றாவதாக இருந்த பெயரை அடித்துவிட்டு, பேச்சிமுத்துவின் பெயரை எழுதினார். தேர்வுக்காரர்களுக்குத் தானே போன் போட்டுப் பேசுவதாகச் சொன்னார்.

“ஒன் பெர்மனென்ட்டுக்கு எழுதி மேல அனுப்பிட்டேன். அதைத் திருப்பி வாங்கணும்” என்றார். “இந்த வேலை கோல்கீப்பருக்குக் குடுக்குத வேலை. ஒனக்குன்னு குடுக்குதது இல்ல. புரியுதா?”

“புரியுது சார்.”

கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னது சரிதான். வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். பசிதான் வந்தது. கேன்டீனில் நான்கு இட்லி சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு

அந்த மாதத்தோடு மில்லை விட்டு வெளியே வந்தேன். மதுரைக்குப் போனேன். டாக்டர் ஒரு டார்ச் வெளிச்சத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே விழித்திரை கழன்றுவிட்டது, கட்டு அவிழ்த்த வாரத்திலேயே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னோடு வந்திருந்த அப்பா, நல்ல காதை டாக்டர் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தவர், எல்லாவற்றையும் கேட்டார். திரும்பி வரும் வழியில், “வாயத் தொறக்காதன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். டாக்டர் சொன்ன கணக்குப்படி, அப்பா அதைச் சொல்லும்போதே நேரம் கடந்துவிட்டது. அதை அவரிடம் சொன்னேன். நம்பினாரா என்று தெரியாது.

ஒற்றைக் கண்ணுக்குச் சங்கு போதும் என்று அவர் மறுபடி சொல்லவில்லை. நானும் கடலுக்குப் போகவில்லை. புதுத் துறைமுகம் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். கப்பலில் ஏறுகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க் வேலை கிடைத்தது. மூட்டை மெதுவாகத்தான் வரும்.

பேச்சிமுத்து முகாமுக்குப் போகும்வரை என்னோடு ஒரே ஒரு தடவைதான் பேசினான். நான் மில் வாசலில் காத்திருந்து பிடித்தபோது, “ஒன்ன எவன் சொல்லச் சொன்னான்? எட்டு மாசம் நான் ஓடுனதெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்டான். அவ்வளவு கோபமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. ரயிலுக்கும் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். போனேன். பிளாட்பாரத்தில் தூரத்தில் நின்றேன். பார்த்தான். கையைத் தூக்கவில்லை.

இருபத்தைந்து நாள் முகாம். பன்னிரண்டாவது நாள் திரும்பி வந்துவிட்டான்.

துறைமுகத்தில் உப்பு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. நான் குடைக்குக் கீழே நின்று கோடு போட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் வந்து நின்றான், தோளில் அதே பை. எனக்குத் தெரிகிற பக்கமாக வந்து நின்றான்.

“என்னடே, அதுக்குள்ள?”

“போதும்னுட்டாங்க.”

“ஏன்? அடி பட்டுட்டா?”

இல்லை என்று தலையாட்டினான். ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

“அந்த கோச்சு தெனமும் கத்துதாரு. ரைட்ல நில்லு, ரைட்ல நில்லுன்னு. எனக்கும் தெரியுது. நிக்கணும்னுதான் நெனைக்கேன். எதிர் டீம் ரைட் அவுட்டு பந்த எடுத்துட்டுக் கிளம்புனா, காலு தானா லெஃப்டுக்கு வந்துருது. பின்னால நிக்குதவனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும்னு மண்டைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல.”

மூட்டை இரண்டு மூன்று எண்ணாமல் போய்விட்டது. மேஸ்திரி கத்தினார். கோடு போட்டேன்.

“சரி விடு” என்றான் பேச்சிமுத்து. “சாப்பிட்டியா?”

அவன் மில் டீமில் இன்னும் ஏழெட்டு வருஷம் ஆடினான். எனக்குப் பதிலாக வந்த கோல்கீப்பர் மணப்பாட்டுப் பையன். கெட்டிக்காரன், கழுகுக் கண். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு நான் போய்க் கோலுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். எதிர் டீமின் ரைட் அவுட் பந்தோடு பாய்ந்து வரும்போதெல்லாம் அந்தப் பையன் பேச்சிமுத்துவைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவான்:

“அண்ணாச்சி, எனக்கு எல்லாம் தெரியுது! நீங்க வழிய விடுங்க!”